நாட்டின் விழுமியங்கள்தான் அண்டை நாடுகளுடனான வெளியுறவைத் தீர்மானிக்கின்றனவா?

இந்தக் கேள்வியைக் கேட்டவர் மாணவராக இருக்கலாம். பஞ்சசீலம் (நாடுகள் அமைதியாகச் சேர்ந்து வாழ்வதற்கான ஐந்து கொள்கைகள்), குஜ்ரால் கோட்பாடு (பதிலுக்கு எதிர்பார்க்காமல் சின்ன அண்டை நாடுகளுக்கு உதவுவது) எல்லாம் உங்களுக்குப் பாடத்தில் வந்திருக்கும். நான் வேலூரில் சிஎம்சி மருத்துவமனை பக்கத்தில் லாட்ஜ் நடத்துகிறவன். விழுமியங்களுக்கு மதிப்பு உண்டு என்பதுதான் என் பதில். ஆனால் பக்கத்து நாட்டில் நமக்குப் பிடித்த ஆட்சி இருக்கும் வரைதான்.

1971இல் கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து, அதாவது இன்றைய வங்கதேசத்திலிருந்து, ஏறக்குறைய ஒரு கோடிப் பேர் அகதிகளாக வந்தார்கள். 1951 அகதிகள் உடன்படிக்கையில் நாம் கையெழுத்துப் போட்டதே இல்லை, ஆனாலும் சோறு போட்டோம். அதில் பாகிஸ்தானை உடைக்கும் கணக்கும் இருந்தது என்பார்கள். இருக்கட்டும், வந்தவர்கள் பசியாறினார்களே.

சிகிச்சைக்கு வரும் அந்த வங்கதேச மக்களை நம்பித்தான் எங்கள் தெருவே இருக்கிறது. ராஜ்ஷாஹியிலிருந்து ஓர் அம்மா மகளின் இதய ஆபரேஷனுக்கு வந்து தங்கியிருந்தார். அடுப்பும் பாத்திரமும் எங்களிடமே வாடகைக்கு எடுத்து, கடுகெண்ணெயில் மீன் குழம்பு வைத்து, எங்கள் பிள்ளைகளுக்கும் கிண்ணத்தில் கொடுத்தனுப்புவார். ரிப்போர்ட், எக்ஸ்ரே, பாஸ்போர்ட் எல்லாம் ஒரே துணிப்பையில் தலைமாட்டில் இருக்கும். மறுபடி செக்கப்புக்கு வரவேண்டிய நேரத்தில்தான், 2024 ஆகஸ்டில், அங்கே பிரதமர் ஷேக் ஹசீனாவின் ஆட்சி போனது. அங்கிருந்த நம் விசா மையங்கள் மூடின. அப்புறம் திறந்தும் அவசர சிகிச்சைக்கு மட்டும், அதுவும் கொஞ்சம் பேருக்கு. அந்த அம்மாவுக்குத் தேதியே கிடைக்கவில்லை. என்னிடம் வாட்ஸ்அப்பில் கேட்டுக்கொண்டே இருந்தார், நான் என்ன பதில் சொல்ல?

வாடகை போன எரிச்சலில் பேசுகிறான் என்று யாராவது வருவீர்கள். வருமானம் அடிவாங்கியது உண்மைதான். தேசப்பற்று இல்லை என்றும் சொல்லாதீர்கள். டாக்காவில் இந்திரா காந்தி கலாச்சார மையத்தைச் சூறையாடினார்கள், நம் ஊழியர்களைத் திரும்ப அழைத்தது சரியே. வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அவர்கள் விவரத்தை அரசுக்குப் பதிவேற்றுகிறவன் நான், பாதுகாப்பு எனக்கும் முக்கியம். ஆனால் ஆட்சி மேல் இருக்கும் கோபத்தை நோயாளி மேல் காட்டலாமா? 2025 மார்ச்சில் சீனா வங்கதேச நோயாளிகளைத் தன் குன்மிங் நகர மருத்துவமனைகளுக்கு அழைத்துக்கொண்டது. லாப நஷ்டம் பார்த்தாலும் இழந்தது நாம்தான். மருத்துவ விசாவையாவது அரசியலிலிருந்து தனியே வைக்க வேண்டும்.

டெல்லியைச் சொல்லிவிட்டு உள்ளூரைச் சொல்லாமல் விடக்கூடாது. காட்பாடி ஸ்டேஷனில் இறங்கி பெங்காலியில் பேசினாலே சில ஆட்டோக்காரர்கள் இரண்டு மடங்கு கேட்கிறார்கள், ஸ்ட்ரெச்சரில் வந்தவரிடம்கூட. கட்டணப் பலகை வைக்கச் சொல்லி நாங்கள் கொடுத்த மனுவுக்கு இன்றுவரை பதில் இல்லை.