அடியில் பெயர் இல்லாத டீக்கிண்ணம்

கேள்வி: லண்டனில் ஒரு பழம்பொருள் கடையில் கைப்பிடி இல்லாத சின்னக் கிண்ணமும் சாசரும் வாங்கினேன். இரண்டிலும் ரோஜாப் பூக்கள். 1790 வாக்கில் செய்தது, கையால் தீட்டியது என்றார் கடைக்காரர். ஆனால் சாசரின் அடியில் சிவப்பில் ஓர் எண் மட்டும்தான் இருக்கிறது. ஏமாந்துவிட்டேனா? இதில் டீ குடிக்கலாமா?

பதில்: ஆலையின் பெயர் இல்லை என்பதற்காகக் கவலைப்படாதீர்கள். ஜார்ஜ் மன்னர்கள் காலத்து இங்கிலாந்துப் பீங்கானில் ஏராளமானவை பெயரில்லாமலே விற்றவை. ஸ்டாஃபோர்ட்ஷரின் நியூ ஹால் போன்ற ஆலைகள் பூவேலைக்கான எண்ணை மட்டும் தூரிகையால் எழுதின. ஆனால் வேறு ஆலைகளும் எண் போட்டன, ஒன்றைப் பார்த்து ஒன்று பூக்களையும் காப்பியடித்தன. அதனால் எண்ணை வைத்து மட்டும் ஆலையைச் சொல்ல முடியாது.

எனக்குச் சந்தேகம் வருவது பெயர்பெற்ற ஆலையின் குறி இருந்தால்தான். இங்கிலாந்தின் வூஸ்டர் ஆலையே ஜெர்மனியின் மைசன் ஆலையுடைய குறுக்கு வாள்களைப் போட்டிருக்கிறது. அப்புறம் 19ஆம் நூற்றாண்டில் பாரிஸின் சாம்சன் நிறுவனம் வூஸ்டரையே நகலெடுத்தது! அடியில் ‘இங்கிலாந்து’ என்று ஆங்கிலத்தில் அச்சாகியிருந்தால் அது பெரும்பாலும் 1891க்குப் பிந்தைய சரக்கு.

கைப்பிடி இல்லாதது குறையில்லை. சீனக் கிண்ணங்களைப் பார்த்துச் செய்த வடிவம் அது. காபிக் கோப்பைக்குத்தான் பிடி வைத்தார்கள். இரண்டுக்கும் சேர்த்து ஒரே சாசர்தான். உங்கள் சாசர் நடுவில் கோப்பை உட்காரும் பள்ளமில்லாமல், சற்று ஆழமாக இருக்கிறதா பாருங்கள். இருந்தால் நல்லது.

இனி பூக்கள். பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸில் பாருங்கள். ஒழுங்கான சின்னச் சின்னப் புள்ளிகளாகத் தெரிந்தால் பிற்கால அச்சு. கைவேலையில் ஒரு இதழில் வண்ணம் தடித்தும் மறு இதழில் மெலிந்தும் ஓடும், இரண்டு ரோஜாக்கள் ஒருபோதும் ஒன்றாக இருக்காது. விளக்குக்கு நேரே சாய்த்தால், மெருகின் (பளபளப்புப் பூச்சின்) மேல் எனாமல் வண்ணம் லேசாக மேடிட்டிருப்பதும் தெரியும். டெர்பி பீங்கான் ஆலையில் வேலை செய்த ஓவியர் வில்லியம் பில்லிங்ஸ்லி ரோஜாவை முழுக்கத் தீட்டிவிட்டு, ஒளி படும் இடத்தில் வண்ணத்தைத் தூரிகையால் துடைத்தெடுப்பார். அந்த வெளுப்பைப் பார்த்தால் இதழே திரும்பியிருப்பதுபோல இருக்கும். பிறகு பலரும் அந்தப் பாணியைப் பின்பற்றினார்கள், அதனால் பார்த்தவுடன் அவர் பெயரைச் சொல்லும் வியாபாரியை நம்பாதீர்கள்.

டீ? நான் ஊற்ற மாட்டேன். அக்கால மெருகிலும் வண்ணத்திலும் ஈயம் சாதாரணம். மேலும் பழைய மென்பீங்கான் (குறைந்த சூட்டில் சுட்ட பீங்கான்) கொதிநீரைத் தாங்காமல் விரிசல் விடும். 1750களில் வூஸ்டர் மாவுக்கல் சேர்த்த கலவையால் பெயர் வாங்கியதே அது வெந்நீரைத் தாங்கியதால்தான்.

கழுவும்போது பிளாஸ்டிக் தொட்டியில், வெதுவெதுப்பான நீரில், ஒவ்வொன்றாகக் கழுவுங்கள். பாத்திரம் கழுவும் இயந்திரம் வேண்டவே வேண்டாம், பொன்விளிம்பு இருந்தால் முதலில் போவது அதுதான்.