மூளையைப் படம்பிடிக்கும் விஞ்ஞானி ஆக: உயிரியலா, கணிதமா?

வெள்ளவத்தை அம்மாவுக்கு,

சாதாரண தரம் முடித்த மகள் மூளையை ஸ்கேன் செய்து ஆராயும் விஞ்ஞானியாகப் போகிறேன் என்கிறாள், சொந்தக்காரர்களோ "அப்ப டொக்டர் இல்லையோ?" என்று கேட்கிறார்கள் என எழுதியிருக்கிறீர்கள். உயர்தரத்தில் எந்தப் பிரிவு என்பதுதான் உங்கள் கவலை. இரண்டிலிருந்தும் இந்தத் துறைக்குப் போகலாம். ஆனால் போய்ச் சேரும் வேலை ஒன்றல்ல.

உயிரியலில் போனால் ஐந்து வருட மருத்துவப் படிப்பு, ஒரு வருட உள்ளகப் பயிற்சி, பிறகு கொழும்பிலுள்ள பட்டப்பின் மருத்துவ நிறுவகத்தில் தேர்வெழுதி கதிரியக்கவியலில் எம்.டி. என்ற நிபுணர் பட்டம். அதற்கும் மேல் வெளிநாட்டுப் பயிற்சி. இந்த வழியில் வருபவர் நோயாளியின் படத்தைப் பார்த்து நோயைச் சொல்லும் நிபுணர். ஆராய்ச்சி செய்யலாம், ஆனால் நேரம் கிடைப்பது கடினம்.

படத்தை எப்படி எடுப்பது, எடுத்ததை எப்படி நம்புவது என்று யோசிப்பவர் வேறு. அதற்கு இணைந்த கணிதமும் பௌதிகவியலும் வேண்டும். மொறட்டுவையில் உயிர்மருத்துவப் பொறியியல், கொழும்பில் பௌதிகவியல், புள்ளிவிபரவியல், கணினி எல்லாமே பொருந்தும். மகள் கணக்கை விரும்பிச் செய்கிறாளா, ரியூஷனுக்குப் பயந்து செய்கிறாளா என்பதை மட்டும் பாருங்கள். பல்கலைக்கழக அனுமதிக்கு வேண்டிய இசட் புள்ளி மாவட்டத்துக்கு மாவட்டம் மாறும்; கொழும்பில் போட்டி கடுமை என்பதால் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைந்நூலை இப்போதே வாசித்து நான்கைந்து பட்டப்படிப்புகளைக் குறித்துவையுங்கள்.

இத்துறையின் பெரிய பெயர்களைப் பாருங்கள். காந்தத்தின் உதவியால் உடலின் உள்ளே படமெடுக்கும் எம்.ஆர்.ஐ.க்காக 2003இல் மருத்துவ நோபல் பெற்ற போல் லோட்டர்பர் இரசாயனவியலாளர், பீட்டர் மான்ஸ்பீல்ட் பௌதிகவியலாளர். மூளை வேலை செய்யும்போது இரத்தத்தின் ஒட்சிசன் அளவு மாறுவதைக் கொண்டே படமெடுக்கலாம் என்று 1990இல் காட்டிய செய்ஜி ஒகாவா வேலைபார்த்தது ஆஸ்பத்திரியில் அல்ல, அமெரிக்கத் தொலைபேசி நிறுவனமொன்றின் பெல் ஆய்வுகூடத்தில். கார்ல் பிரிஸ்டன் மனநல மருத்துவர்தான். அவருக்குப் பெயர் தந்ததோ மூளைப் படங்களை ஆராயும் எஸ்.பி.எம். என்ற புள்ளிவிபர மென்பொருள். பாராட்டு முறையைக் கண்டுபிடித்தவருக்கே போகிறது, அதுவும் மெதுவாக. லோட்டர்பரின் கட்டுரை வந்தது 1973இல், நோபல் வந்தது முப்பது வருடம் கழித்து. ஒகாவாவுக்கு ஜப்பான் பரிசு கிடைத்ததும் 2003இல்தான்.

ஆகவே இருபதுகளில் பார்க்க வேண்டிய கௌரவம் வேறு: முதல் ஆசிரியராகப் பெயர் வரும் கட்டுரை, மாநாட்டுப் பயண உதவி, கலாநிதிப் பட்டத்துக்கான உதவித்தொகை. இக்கட்டுரைகளில் முதற்பெயர் பெரும்பாலும் வேலை செய்தவருடையது, கடைசிப் பெயர் ஆய்வுக்கூடத் தலைவருடையது. ஒருவரின் விபரக்கோவையை வாசிக்கும்போது இது உதவும்.

எங்கே பிழைக்கிறது என்பதை மகள் முன்கூட்டியே அறிவது நல்லது. ஸ்கேனில் படுத்திருப்பவர் தலையைச் சில மில்லிமீற்றர் அசைத்தாலே தரவு கெடும். ஒரு தூண்டலுக்கான (காட்டும் படம், கேட்கும் ஒலி போன்றவை) இரத்த மாற்றம் உச்சத்துக்கு வர ஐந்தாறு செக்கன் எடுக்கும். அதற்குள் அடுத்த தூண்டல் வந்தால் இரண்டும் கலக்கும், பிரித்தெடுக்கக் கணக்கு வேண்டும். மிகப் பெரிய சிக்கல் எண்ணிக்கையில் இருக்கிறது. மூளை பல்லாயிரம் சிறு கனசதுரங்களாகப் பிரிக்கப்பட்டுச் சோதிக்கப்படும்போது தற்செயலாகவே சில இடங்கள் "வேலை செய்வதாக" ஒளிரும். செத்த சால்மன் மீனை ஸ்கேன் செய்து அதற்கும் 'மூளைச் செயல்பாடு' இருப்பதாகக் காட்டிய ஆய்வு 2012இல், சிரிக்கவைத்துச் சிந்திக்கவைக்கும் ஆய்வுகளுக்கான இக் நோபல் பரிசை வாங்கியது இதற்காகத்தான். சிரிப்பு வந்தாலும் பாடம் புள்ளிவிபரவியல்.

பரீட்சை விடுமுறையில் மகள் பைதன் என்ற கணினி மொழியைப் பழகட்டும். ஓப்பன்நியூரோ தளத்தில் உண்மையான மூளைத் தரவுகள் இலவசம். நைலேர்ன் என்ற இலவசப் பைதன் தொகுப்பால் ஒரு ஆளின் தரவைத் திறந்து, தலை அசைந்த இடங்களைக் குறிக்கச் சொல்லுங்கள். மடிக்கணினியில் 16 ஜிபி நினைவகம் இருந்தால் வசதி. இரண்டு வாரத்தில் சலித்துவிட்டால், அதையும் இப்போதே தெரிந்துகொள்வது நல்லதுதான்.

பணத்தைப் பற்றி ஒன்று. மூன்று வருடப் பொதுப் பட்டத்தைவிட நான்கு வருடச் சிறப்புப் பட்டத்தை எடுக்கவையுங்கள். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பிக்கையில் அது உதவும். அங்கே இத்துறையில் கலாநிதிப் பட்டத்துக்குப் பொதுவாகக் கட்டண விலக்கும் மாதக் கொடுப்பனவும் சேர்ந்தே கிடைக்கும். பணம் கட்டிப் படிக்கச் சொல்லும் கலாநிதி இடத்துக்காகக் காணியை விற்க வேண்டாம்.