கேளுங்கள், சொல்கிறேன்

டர்பன் சாட்ஸ்வொர்த் வாசகி: மகளுக்கு சதர்லாந்தில் ஆசிரியை வேலை கிடைத்திருக்கிறது. அது எப்படிப்பட்ட ஊர்? முனிசிபாலிட்டி உண்டா?

பதில்: உண்டம்மா, பெயர் கரூ ஹூக்லண்ட். நம் தென்னாப்பிரிக்காவின் வடக்கு கேப் மாகாணம், நமக்வா மாவட்டம். பரப்பு 30,000 சதுர கிலோமீட்டருக்கு மேல். நம் குவாசுலு-நேட்டால் மாகாணத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு! ஜனமோ 2011 கணக்கெடுப்பில் 13,000கூட இல்லை. சாட்ஸ்வொர்த்தில் ஒரு மூலையில் இருப்போம் அத்தனை பேர்.

வில்லிஸ்டன், ஃப்ரேசர்பர்க், சதர்லாந்து என்று மூன்றே ஊர்கள். மிச்சமெல்லாம் ஆட்டுப் பண்ணைகள். தலைமை அலுவலகம் வில்லிஸ்டனில். சதர்லாந்திலிருந்து நூறு கிலோமீட்டருக்கும் மேல். ஆகவே பெரிய காரியமென்றால் கார் வேண்டும். ஐந்து வருடத்துக்கொரு தேர்தல். வார்டுக்கு ஒரு ஓட்டு, கட்சிக்கு ஒரு ஓட்டு, டர்பனில் போலத்தான்; அங்கே கூடவே மாவட்டக் கவுன்சிலுக்கும் ஒரு ஓட்டு. ஆனால் பண்ணைகளிடம் வரி வாங்கி இத்தனை தூரத்துக்குச் சாலை, தண்ணீர் பார்ப்பது லேசா?

பேச்சு ஆஃப்ரிகான்ஸ். மகள் இப்போதே கற்றுக்கொள்ளட்டும். குளிர் கடுமை, பனியும் விழும். டர்பன் ஸ்வெட்டர் போதாது, கம்பளி வாங்கிக் கொடுங்கள். 2005-ல் திறந்த, நட்சத்திரங்களை ஆராயும் சால்ட் என்ற பெரிய தொலைநோக்கி ஊருக்கு வெளியே இருக்கிறது. வானம் இருட்டாக இருக்க வேண்டுமென்று 2007-ல் சட்டமே போட்டார்கள்.

கறிவேப்பிலை? காயவைத்து ஒரு டப்பா கட்டிக் கொடுங்கள்.