இரண்டே வழி என்று யார் சொன்னது?

கேள்வி: “மே மாதம் மீன்பிடித் தடைக்காலம், படகுகள் கடலுக்குச் செல்வதில்லை. ஆகவே சந்தைக்கு வரும் சாளை மீன், ஒன்று, பல நாள் ஐஸில் கிடந்ததாக இருக்க வேண்டும், இல்லையேல் தடையை மீறிப் பிடித்ததாக இருக்க வேண்டும். செவுள் சிவந்திருப்பதால் அது பழைய மீன் அன்று, எனவே திருட்டு மீனே” என்று என் நண்பர் வாதிடுகிறார். மறுத்தால், “மூன்றாவது வழி இருந்தால் காட்டு” என்கிறார். இதில் பிழை எங்கே?
– வாசகர் ஒருவர், மார்த்தாண்டம்

பதில்: ‘இதுவோ அதுவோ, இது இல்லை, ஆகவே அது’ என்னும் வடிவத்தில் குறை ஏதும் இல்லை. அதனால்தான் முடிவை எட்டும் படியில் பிழையைத் தேடிய தங்களுக்கு அது அகப்படவில்லை. பிழை, ‘இரண்டில் ஒன்று’ என்று அவர் தொடங்கிய இடத்திலேயே இருக்கிறது.

கிழக்குக் கடற்கரைக்குத் தடை ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை; மேற்குக் கடற்கரைக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்கு இவ்விரு கரைகளும் உண்டு என்பதால், கிழக்குக் கரையில் சேரும் சின்னமுட்டத்து விசைப்படகுகள் கரையில் கட்டிக் கிடக்கும் மே மாதத்தில் மேற்குக் கரையிலுள்ள குளச்சல் விசைப்படகுகள் சட்டப்படியே கடலுக்குப் போகின்றன. மார்த்தாண்டத்தில் வாழ்ந்துகொண்டு குளச்சலை மறப்பதற்குத் தனித் திறமை வேண்டும். அது போகட்டும், இந்தத் தடை விசைப்படகுகளுக்கு உரியதே தவிர வள்ளத்துக்கும் கட்டுமரத்துக்கும் உரியதன்று என்பதால், தடை நடப்பிலிருக்கும் கரையிலும் அன்றாடம் மீன் வந்து இறங்கும். களியக்காவிளைக்கு அப்பால் கேரளத்திலோ விசைப்படகுத் தடை ஜூன் மாதத்தில்தான் தொடங்குகிறது.

கண்டதை விளக்கக் காணாத ஒன்றை ஊகித்துக்கொள்வதாகிய அருத்தாபத்திக்குப் பழைய தர்க்க நூலோர் காட்டும் உதாரணம் ஒன்று உண்டு: பகலில் உண்ணாத தேவதத்தன் பருத்திருக்கிறான், ஆகவே இரவில் உண்கிறான். அவன் பருத்திருப்பது நோயினால் வந்த வீக்கமாகவும் இருக்கலாமே என்று எவரேனும் கேட்டுவிட்டால், அதை விலக்கும் வரையில் இரவுச் சோறு உறுதியாகாது. தங்கள் நண்பர் அப்படி எதையும் விலக்கவில்லை. தமக்குத் தோன்றிய இரண்டை மட்டும் எடுத்துக்கொண்டு, தோன்றாதவை இல்லாதவை என்று கருதிவிட்டார்.

அவர் பிரித்த இரண்டும் ஒன்றையொன்று விலக்குவனவும் அல்ல. தடையை மீறிப் பிடித்த மீனும் பல நாள் ஐஸில் கிடக்கலாம். ஆழ்கடலில் வாரக்கணக்கில் தங்கித் தொழில் செய்யும் தூத்தூர்ப் பக்கத்துப் படகுகளில் முறையாகப் பிடித்த மீனையும் ஐஸிட்டுத்தான் கரைக்குக் கொண்டுவருகிறார்கள்.

‘மூன்றாவது வழியைக் காட்டு’ என்பது வெறும் மிரட்டல். தங்களால் காட்ட முடியாமற்போனால் தங்களுக்குத் தெரியவில்லை என்று மட்டுமே பொருள். வேறு வழி இல்லை என்று நிறுவும் பொறுப்பு, ‘இரண்டே வழி’ என்றவருடையது. ஆனால் இத்தனை வழிகள் இருப்பதாலேயே அந்தச் சாளை நேர்மையாகப் பிடிபட்டது என்று தாங்கள் முடிவுகட்டினால் அதே பிழையைத் தாங்களும் செய்தவராவீர்கள். அது தடையை மீறிப் பிடித்ததாகவும் இருக்கலாம். அதைச் செவுளைப் பார்த்துச் சொல்ல இயலாது. எந்தத் துறையில், எந்தப் படகிலிருந்து இறங்கியது என்று விசாரித்தே சொல்ல இயலும். விசாரிக்காமல் கூடைக்காரியைத் திருட்டு மீன் விற்பவள் என்று ஊரறியச் சொல்லியிருந்தால், தங்கள் நண்பர் முதலில் அவளிடம் போய்ப் பேசட்டும். நம்மிடம் வாதிடுவது பிறகு.