டபுள் பேஸைப் பெரும்பாலும் விரலால் மீட்டி வாசிப்பவர் எந்தக் கம்பி போடலாம்?

கோயில் பாடகர் குழுவில் பிளைவுட் டபுள் பேஸ் (வயலின் சாயலில் ஆளுயரம் நிற்கும் தாழ்ந்த ஒலிக் கருவி) வாசிக்கிறீர்கள், பெரும்பாலும் விரலால்தான், பெரிய வெள்ளி மாதிரி நாட்களில் மட்டும் வில். கருவியோடு வந்த கம்பி மங்கிப்போய்விட்டது, புது செட் எது வாங்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத் பக்கம் என்று எழுதியிருப்பதால் நம்ம ஊர்க் கோயில்களையும் கன்வென்ஷன் பந்தல்களையும் மனதில் வைத்தே சொல்கிறேன் தம்பி.

என் தேர்வு இது: கனத்த கீழ்க் கம்பிகளான ஈ, ஏ இரண்டுக்கும் தோமாஸ்டிக் கம்பெனியின் ஸ்பைரோகோர், அதிலும் ‘வைஷ்’ என்ற மெல்லிய இழுவிசை வகை. மேல் கம்பிகளான டி, ஜி இரண்டுக்கும் பிராஸ்ட்ரோ கம்பெனியின் ஆப்ளிகாட்டோ. நாலும் ஒரே கம்பெனியாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. பேஸ் வாசிக்கிறவர்கள் பல காலமாகக் கலந்துதான் போடுகிறார்கள்.

காரணம் கேட்டால், கம்பியின் குணத்தை விட நீங்கள் வாசிக்கிற இடத்தின் குணத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும். கம்பியைப் பற்றிய பேச்சில் பெரும்பகுதி வெளிநாட்டு ஜாஸ் கலைஞர்கள் சொல்வது. அவர்களில் பலருக்கும் மீட்டிய சுரம் நீண்டு நிற்பது பிடிக்கும், அதனால் ஸ்பைரோகோரைத் தலையில் வைத்துக் கொண்டாடுவார்கள். உள்ளே மெல்லிய எஃகு இழைகளை முறுக்கிச் செய்த கயிறு, மேலே குரோம் சுற்று. ஒருமுறை மீட்டினால் அடுத்த சுரம் வரும்வரை ஒலி அறுபடாமல் வரும். மெத்தையும் கம்பளமும் போட்ட சின்ன அரங்கில் அது பெரிய வரம்தான்.

ஆனால் நம்ம கோயில்களை நினைத்துப் பாருங்கள். பாளையங்கோட்டை ஊசிக்கோபுரக் கோயில் 1826ல் கட்டியது. மெஞ்ஞானபுரம் கோயிலும் மைக் இல்லாத காலத்துக் கட்டடம்தான். பாடுகிறவர் குரலைக் கடைசி பெஞ்சு வரை கட்டடமே தூக்கிக்கொண்டு போக வேண்டிய காலம் அது. கல் சுவரும் உயரக் கூரையும் எந்த ஒலியையும் சட்டென்று விடாது, தாழ்ந்த ஒலியை இன்னும் அதிக நேரம் பிடித்து வைத்திருக்கும். அங்கே நாலு கம்பியும் ஸ்பைரோகோராக இருந்தால், விறுவிறுப்பான கீர்த்தனையில் போன சுரம் அடங்குமுன் அடுத்தது வந்து ஏறும். பாடகர்களுக்குக் காதில் விழுவது சுரமாக இருக்காது, ஒரே இரைச்சல். இடது விரல் வைக்காமல் ஏ கம்பியை மீட்டிவிட்டு உடனே டி கம்பிக்குப் போய்ப் பாருங்கள். இடது கையால் ஏ கம்பியை லேசாகத் தொட்டு அடக்காவிட்டால் இரண்டும் சேர்ந்தே ஒலிக்கும். எஃகுக் கம்பியில் வாசிக்கிறவனுக்குப் பாதி வேலை மீட்டுவது, மீதி வேலை அடக்குவது.

அப்படியானால் எல்லாவற்றையும் மிருதுவான கம்பியாகப் போட்டுவிடலாமே என்று தோன்றும். கீழே இருக்கிற ஈ கம்பியில்தான் சிக்கல். அதன் சுருதி நொடிக்கு 41 அதிர்வு. நம்ம கோயில் தூண்களில் மாட்டியிருக்கிற ஒடுக்கமான ‘காலம்’ (column, நெட்டையான) ஸ்பீக்கரில் 41 அதிர்வு வரவே வராது, 80க்குக் கீழேயே அது தடுமாறும். இருந்தும் ஈ சுரம் நமக்குக் கேட்கிற மாதிரி இருக்கிறதே, எப்படி? அதே கம்பியிலிருந்து 82, 123, 164 என்று மேலே மேலே பிறக்கிற துணைச் சுரங்களைக் கேட்டு, அடிச்சுரத்தைக் காது தானே நிரப்பிக்கொள்கிறது. எஃகுக் கம்பியில் இந்தத் துணைச் சுரங்கள் ஏராளம். மிருதுவான கம்பியில் குறைவு. அதனால்தான் மேடையில் நின்றால் கும்மென்று கேட்கிற மங்கலான ஈ கம்பி, ஸ்பீக்கர் வழியாகக் கடைசி பெஞ்சில் காணாமலே போய்விடுகிறது. கீழே இரண்டும் எஃகு என்று நான் சொல்வது இதற்காகத்தான்.

மேலே இரண்டுக்கும் ஆப்ளிகாட்டோ. உள்ளே செயற்கை இழை, வெளியே உலோகச் சுற்று. மீட்டினால் முதலில் ஒரு திரட்சியான அடி, பிறகு நிதானமாக அடங்கும். பாட்டின் நடுவே மேல் கம்பியில் ஒரு சின்ன சஞ்சாரம் போட்டால் சுரம் சுரமாகப் பிரிந்து கேட்கும். வில்லுக்கும் இது மசியும். புது ஸ்பைரோகோர் வில்லுக்கு அவ்வளவு எளிதில் இணங்காது, வில்லில் தேய்க்கிற ரோசின் பிசினைத் தாராளமாகப் போட்டாலும் கரகரக்கும். பெரிய வெள்ளியன்று நீங்கள் வில் எடுப்பது பெரும்பாலும் மேல் கம்பிகளில்தானே இருக்கும். அப்படியில்லை, கீழ்க் கம்பியிலும் நிறைய வில் உண்டு என்றால் கலவையை மறந்துவிட்டு டடாரியோ ஹெலிகோர் ஹைப்ரிட் நாலும் போடுங்கள். இரண்டு வேலைக்கும் என்றே செய்தது. ஹெலிகோரிலேயே ‘பிட்சிகாட்டோ’ என்று பெயர் போட்டு ஒரு வகை உண்டு. வில்லே எடுக்காதவர்களுக்கு அது நல்ல தேர்வு.

கோயிலை விட பந்தலில்தான் அதிகம் வாசிக்கிறீர்கள் என்றால் என் பதில் மாறும். திறந்த வெளியில் ஒலியைத் திருப்பித் தர சுவர் இல்லை, மீட்டிய சுரம் போனது போனதுதான். அங்கே நாலும் ஸ்பைரோகோர், குதிரையில் (கம்பிகளைத் தாங்குகிற மரத் துண்டு) அதிர்வைப் பிடித்து ஸ்பீக்கருக்கு அனுப்ப ஒரு பீசோ பிக்கப், அவ்வளவு போதும். பீசோ எந்தக் கம்பிக்கும் ஒத்துவரும். காந்த பிக்கப் வாங்கினால் மட்டும் இரும்பு உள்ள கம்பியாகப் பார்த்துப் போட வேண்டும்.

நரம்பைப் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். ஆட்டுக் குடலை முறுக்கிச் செய்கிற கம்பி. 1950கள் வரை டபுள் பேஸ் என்றாலே பெரும்பாலும் அதுதான், எஃகு ஓங்கியது அதற்குப் பிறகு. அமெரிக்க ஜாஸ் பேஸ் கலைஞர் சார்லி ஹேடன் எஃகுக் காலத்திலும் மேல் கம்பிகளுக்கு நரம்பை விடவில்லை. அதன் ஒலி எனக்கு உயிர். நம்ம வில்லுப்பாட்டில் குடத்தின் வாயில் பத்தி என்ற மட்டையால் அடித்ததும் கும்மென்று ஒன்று எழும்பி அடங்குமே, அந்த வட்டம், அந்தக் கனம். பாட்டுக்குத் தாளக் கருவியே வேண்டாம் என்று தோன்ற வைக்கும். ஆனாலும் உங்களுக்கு வேண்டாம் என்றுதான் சொல்வேன். காற்றில் ஈரம் ஏறி இறங்கினால் நரம்பின் சுருதி நிற்காது. சித்திரை வெயிலில் ஒரு மாதிரி, ஐப்பசி அடைமழையில் வேறு மாதிரி. கிறிஸ்துமஸ் கேரல் நேரத்தில் மழையும் பனியுமாக இருக்கும்போது பாட்டுக்குப் பாட்டு சாவியைத் திருகிக்கொண்டிருக்க முடியாது. அது பருமனான கம்பி என்பதால் நட்டிலும் (விரல் பலகையின் மேல் முனையில் கம்பி படிகிற துண்டு) குதிரையிலும் காடியை அகலப்படுத்த வேண்டும், கம்பியின் உயரத்தையும் கூட்ட வேண்டும். பின்னால் எஃகுக்குத் திரும்பினால் அந்த அகலக் காடியில் மெல்லிய கம்பி ஆடும்.

உயரம் என்றதும் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. காசு கொடுத்துக் கம்பி வாங்குமுன் ஒரு ஸ்கேலை எடுங்கள். விரல் பலகை முடிகிற இடத்தில், பலகைக்கும் கம்பிக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்று பாருங்கள். எஃகுக் கம்பியில் மீட்டி வாசிக்க ஜியில் 6 மில்லிமீட்டர், ஈயில் 9 என்ற அளவு வசதியாக இருக்கும். புதுக் கருவிகளில் 12, 13 கூட இருப்பதுண்டு. குதிரையை இழைக்காமலே அனுப்பிவிடுவார்கள். அந்த உயரத்தில் உலகத்திலேயே சிறந்த கம்பியைப் போட்டாலும் விரல் கொப்பளிக்கும், அரை மணி நேரத்தில் இடது கை ஓய்ந்துவிடும். வயலின் பழுது பார்க்கிற நல்ல ஆசாரியிடம் கொடுத்து குதிரையைச் சரிசெய்த பிறகு பழைய கம்பியையே ஒரு வாரம் வாசித்துப் பாருங்கள். சிலருக்கு அதோடு பிரச்சினையே தீர்ந்துவிடும்.

ரொம்ப இறக்கவும் கூடாது. மீட்டும்போது கம்பி பக்கவாட்டில் அகலமாக ஆடும். இடம் இல்லாவிட்டால் பலகையில் மோதிச் சலசலக்கும், ஒலியும் சிறுத்துவிடும்.

இழுவிசையைப் பொறுத்தவரை, ஒவ்வொரு கம்பியும் சுமார் 25 முதல் 30 கிலோ இழுக்கிறது. நாலும் சேர்ந்தால் நூறு கிலோவுக்கு மேல். விரல் நுனியால் கிள்ளி அதை அசைக்க நினைத்தால் தோல் கிழியும். ஆள்காட்டி விரலைக் கம்பிக்கு இணையாகச் சாய்த்து, பக்கவாட்டுச் சதை முழுதும் படும்படி இழுத்து விடுங்கள், கட்டைவிரல் பலகையின் ஓரத்தில் ஊன்றியிருக்கட்டும். கையின் எடையே வேலை செய்யும். ஆராதனை முழுக்க வாசிக்கிறவருக்கு ‘மிட்டல்’ என்ற நடுத்தர இழுவிசை வகையை விட வைஷ் நல்லது என்பது என் அபிப்பிராயம்.

வாங்கும்போது இரண்டு விஷயம். உங்கள் கருவி முக்கால் அளவா என்று உறுதி செய்யுங்கள். நட்டிலிருந்து குதிரை வரை 41 முதல் 42 அங்குலம் இருந்தால் முக்கால்தான். ‘சோலோ’ என்று போட்ட செட்டை எடுக்காதீர்கள், அது ஒரு முழுச் சுரம் மேலே கட்டுவதற்கானது. விலை கையைக் கடிக்கும், வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் சுங்கமும் சேரும். அதனால் சென்னையில் பேஸ் வாசிக்கிறவர்களிடம் பழைய ஸ்பைரோகோர் இருக்கிறதா என்று தயங்காமல் கேளுங்கள். மீட்டுவதற்கு அது வருடக்கணக்கில் உழைக்கும். புதிதில் வருகிற கணீரென்ற உலோகச் சத்தம் தேய்ந்த பிறகுதான் அதன் ஒலி கனியும் என்று சொல்கிற கட்சியில் நானும் ஒருவன்.

மாற்றும்போது ஒவ்வொன்றாக மாற்றுங்கள். நாலையும் ஒரே நேரத்தில் கழற்றினால் குதிரை சாயும், உள்ளே அழுத்தத்தில் மட்டுமே நிற்கிற சவுண்ட் போஸ்ட் என்ற மரக் குச்சி விழுந்துவிடும், அதை நிறுத்த மறுபடியும் ஆசாரியைத் தேட வேண்டும். நட்டிலும் குதிரையிலும் காடிக்குள் பென்சிலால் தேய்த்து விடுங்கள், கம்பி வழுக்கி ஓடும். முறுக்க முறுக்க குதிரையின் தலை விரல் பலகைப் பக்கம் சாயும், அவ்வப்போது இரண்டு கையாலும் பிடித்து நேராக்குங்கள். கழற்றிய பழைய கம்பிகளைத் துடைத்துச் சுருட்டி உறைக்குள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள், சனிக்கிழமை ராத்திரி கம்பி அறுந்தால் இங்கே எந்தக் கடையிலும் கிடைக்காது.