மகளை அனுப்பிவைத்த அன்று ஏன் அப்படிப் படபடத்தது?

கேள்வி: எனக்கு வயது 54. பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறேன். போன மாதம் மகளுக்குக் கல்யாணம். புகுந்த வீட்டுக்கு அனுப்பும்போது சந்தோஷமும் அழுகையும் சேர்ந்து வந்தன. நெஞ்சு படபடத்து, கை சில்லிட்டு, வயிற்றைப் பிசைந்தது. ஐந்து நிமிடத்தில் சரியாகிவிட்டது. இப்போதும் மகள் போன் செய்தால் லேசாகப் படபடக்கிறது. இதயக் கோளாறாக இருக்குமோ?

பதில்: மனதுக்குச் சந்தோஷம் வேறு, துக்கம் வேறு. உடம்பு அப்படிப் பிரித்துப் பார்ப்பதில்லை அம்மா. உணர்ச்சி எதுவானாலும் பொங்கி வந்தால், சிறுநீரகத்தின் மேல் தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பி அட்ரீனலினைக் கொட்டும். துடிப்பு கூடும். தோலில் ரத்தக்குழாய்கள் சுருங்குவதால் கை சில்லிடும். குடலுக்குப் போகும் ரத்தம் குறைவதால் வயிறு பிசையும். கண்ணீரைச் சுரக்கவைப்பது இதற்கு நேர்மாறான வேலை செய்யும் பாராசிம்பதெடிக் நரம்புகள். அன்று உங்களுக்கு இரண்டும் ஒன்றாக வேலை செய்திருக்கின்றன.

அபூர்வமாக, இந்த வேகத்தை இதயம் தாங்காமல் போவதுண்டு. இடது கீழறை தற்காலிகமாகத் துவண்டு, ஆக்டோபஸ் பிடிக்கும் ஜாடியைப்போல உப்பிவிடும். 1990-ல் இதை விவரித்த ஜப்பானிய மருத்துவர்கள், அந்த ஜாடியின் பெயரையே வைத்து 'டாகோட்சுபோ' என்றார்கள். மாதவிடாய் நின்ற பெண்களுக்கே அதிகம் வருகிறது. 2016-ல் வெளியான ஆய்வு ஒன்றில், உணர்ச்சிவசப்பட்டு இது வந்த 485 பேரில் 20 பேருக்குக் காரணம் மகிழ்ச்சியான நிகழ்வு! பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் இதயம் பழைய நிலைக்குத் திரும்பிவிடும்.

நெஞ்சுவலி இல்லாமல் ஐந்தே நிமிடத்தில் அடங்கியதால் உங்களுக்கு அது வந்திருக்க வாய்ப்பு குறைவு. ஆனால் ஒரு மாதமாகப் படபடப்பு தொடர்வதை அப்படியே விட எனக்கு மனமில்லை. ஈசிஜி, ஹீமோகுளோபின், தைராய்டு மூன்றையும் பார்த்துவிடுங்கள். கல்யாண வேலையில் மாத்திரையை விட்டீர்களா? எத்தனையோ அம்மாக்கள் பந்தியைக் கவனிப்பார்கள், தங்கள் மாத்திரையை மறந்துவிடுவார்கள். சில பிரஷர் மாத்திரைகளைத் திடீரென நிறுத்தினாலே படபடப்பு வரும். விட்டிருந்தால் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

மகளின் போன் வந்தால் உட்கார்ந்து பேசுங்கள். படபடத்தால் மூச்சை இழுப்பதைவிட விடுவதை மெதுவாக, நீளமாகச் செய்யுங்கள். அழுகை வந்தால் அழுதுவிடுங்கள், அடக்க வேண்டாம். ஆனால் நெஞ்சில் அழுத்தம், மூச்சுத்திணறல், குப்பென்று வியர்வை, மயக்கம் இவற்றில் எது வந்தாலும் 'கல்யாண அலுப்பு' என்று படுத்துவிடாதீர்கள். உடனே 108-ஐ அழையுங்கள்.