டீச்சர் வேலையும் கேமராவும்

அம்மா, உங்கள் மெயிலில் ஒரு வரியை இரண்டு தடவை படித்தேன். 'கையில் டீச்சர் வேலை இருக்கும்போது நடிக்கிறேன், ஆவணப்படம் எடுக்கிறேன் என்று கிளம்புகிறாளே.' இவளை எப்படித் தடுப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்கு என்னிடம் வழி இல்லை. ஆனால் கையில் அதே டீச்சர் வேலையோடு இந்தப் பாதையில் போன ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். மகளையும் பக்கத்தில் உட்கார வைத்துப் படியுங்கள்.

மேற்கு ஆப்பிரிக்காவின் செனகல் நாட்டில், டாக்கர் நகரத்தில் 1943-இல் பிறந்தவர் சஃபி ஃபாய். செரேர் இனத்தவர். ருஃபிஸ்க் ஊரில் ஆசிரியர் பயிற்சி முடித்து டாக்கரில் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். 1966-இல் அங்கே உலகக் கருப்பினக் கலை விழா நடந்தது. அதில் ழான் ரூஷ் என்ற பிரெஞ்சு இயக்குநரைச் சந்தித்தார். ரூஷ் மானுடவியலும் தெரிந்தவர். அவருடைய படத்தில் சஃபிக்கு நடிக்க வாய்ப்பு வந்தது.

நம் பிள்ளைகள் பலர் சறுக்குவது இந்த இடத்தில்தான். ஒரு படத்தில் முகம் தெரிந்துவிட்டால் அடுத்த வாய்ப்புக்காகக் காத்திருக்க ஆரம்பித்துவிடுவார்கள். சஃபி காத்திருக்கவில்லை. தான் நடித்த அந்தப் படமே அவருக்குப் பிடிக்கவில்லை என்பது வேடிக்கை. ஆனால் படம் எடுக்கும் வேலை எப்படி நடக்கிறது என்பதை அங்கே இருந்து பார்த்துக்கொண்டார். அப்புறம் பாரிஸுக்குப் போய், மக்கள் இனங்களின் வாழ்க்கை முறையை ஆராயும் இனவியல் படித்தார், லூமியேர் திரைப்படப் பள்ளியிலும் சேர்ந்தார். செலவுக்கு மாடலிங் செய்தார், நடித்தார், படங்களுக்கு ஒலி சேர்க்கும் வேலையும் பார்த்தார். பிடித்த வேலை கிடைக்கும்வரை வயிற்றுக்கு ஒரு வேலை வேண்டும் என்பதை அவர் மறந்ததே இல்லை.

1975-இல் வந்த 'கத்து பேகாத்' அவருடைய முதல் முழுநீளப் படம். விவசாயியின் குரல் என்று அர்த்தம். சொந்த பந்தங்கள் வாழ்ந்த கிராமத்துக்கே போய், மிகச் சின்னக் குழுவோடு எடுத்தார். ஊர்க்காரர்கள் ஊர்க்காரர்களாகவே வந்தார்கள். வேர்க்கடலையை மட்டுமே நம்பிய ஊரில் மழை பொய்த்தால் என்ன ஆகும் என்பதுதான் கதை. பெண் கேட்டுப் பரிசம் கொடுக்க வழியில்லாத ஓர் இளைஞன் பிழைப்புக்காக டாக்கருக்குப் போகிறான். பாதி கதை, பாதி ஆவணம். சஹாராவுக்குத் தெற்கே உள்ள ஆப்பிரிக்காவில் ஒரு பெண் இயக்கி, வணிக ரீதியாக வெளியான முதல் முழுநீளப் படம் என்று இதைத்தான் சொல்கிறார்கள். சஃபியின் தாத்தாவும் படத்தில் வருகிறார். படப்பிடிப்பு முடிந்து சில நாட்களிலேயே அவர் இறந்துபோனார்.

1979-இல் பாரிஸில் முனைவர் பட்டம். அதே ஆண்டு அவருடைய 'ஃபத்ஜால்' படம் பிரான்ஸின் கான் திரைப்பட விழாவுக்குப் போனது. இவற்றைக் கேட்டு மகள் துள்ளிக் குதிப்பாள். அதனால் அடுத்ததையும் சொல்லிவிடுகிறேன். 'மோசான்' படத்தின் படப்பிடிப்பு 1990-இலேயே முடிந்தது. சட்டச் சிக்கலில் மாட்டி, வெளிவந்தது 1996-இல். ஆறு வருடம்! அதற்குப் பிறகு 2023-இல் இறக்கும்வரை அவர் இன்னொரு முழுநீளப் படம் எடுக்கவில்லை. இவ்வளவு பேர் வாங்கியவருக்கே இந்தக் கதி. படம் யாருக்குச் சொந்தம், பணம் போடுகிறவருக்கு என்ன உரிமை என்பதெல்லாம் எழுத்தில் வராமல் கேமராவைத் தொடக்கூடாது. கோர்ஸ் நடத்துகிறவர்கள் இதைப் பெரும்பாலும் சொல்லித் தருவதில்லை, அதனால்தான் அழுத்திச் சொல்கிறேன்.

சரி, இப்போதைக்கு வேலையை விட வேண்டாம். ஆசிரியர் பயிற்சி வீண் என்றும் அவள் நினைக்க வேண்டாம். ஒரு விஷயத்தை அடுத்தவருக்குப் புரிய வைக்கத் தெரிந்தவர்களுக்கு ஆவணப்படம் பாதி வந்த மாதிரிதான். நடிப்புப் பயிற்சிக்கு லட்சக்கணக்கில் கட்டுவதைவிட, சமூகவியலோ மானுடவியலோ தொலைநிலையில் படிப்பது அவளுக்கு உதவும்.

வரும் லீவில் உங்கள் சொந்த ஊரைப் பற்றிப் பத்து நிமிடப் படம் ஒன்றை போனிலேயே எடுத்துவரச் சொல்லுங்கள். ஒலி மட்டும் சுத்தமாக இருக்கட்டும், ஒரு நல்ல மைக் வாங்கிக் கொடுங்கள். ஊரில் வயதானவர்களிடம் முதலில் போகட்டும். உங்களையும் பேசச் சொல்லி வந்து நின்றால், அடுப்பில் வேலை இருக்கிறது என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.